பின்னால் பார்க்கும் கிளி

தை 4
விடிய விடியப் பனி. காயப்போட்ட வற்றல் நமுத்துப்போயிற்று. ஆத்தாளிடம் திட்டு. தங்கை உமையாள் கல்யாண வேலை: பித்தளைச் சாமான் துலக்க, வெற்றிலைத் தட்டு எடுத்துவைக்க, சமையலாளுக்கு உப்பு, புளி. எல்லாம் இரண்டாம் கட்டோடு. முன்கட்டில் என் வெள்ளைச் சேலை தெரியக் கூடாது.

கொட்டான் முடிந்தது. சீர் ஓலைக்கூடைக்கு மேல் ஆடியில் ஆரம்பித்த மணி உறை. ரங்கூன் மணி, என்னைக் கட்டினவுக கண்ணை மூடுவதற்கு முன் அங்கிருந்து கடைசியாக அனுப்பியது. அப்புறம் அவுகளும் வரவில்லை, மணியும் வரவில்லை. சுற்றிலும் பச்சைக் கிளிகள், வரிசையாக. ஒன்று மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்.

அது உமையாள்தான். கொப்புடையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனால் பத்தடிக்கு ஒருதரம் வளையல் கடையைத் திரும்பிப் பார்ப்பாள். "அடியே, பின்னால பாக்கிற கிளி, நட!" என்பேன். போன மாசம் அவள் இந்த அக்காளிடம் கேட்டாள்: "ஆச்சி, எனக்கு என்ன பண்ணித் தருவே?"

"பரப்புற சீர்ச் சாமான்ல தேடு. உன்னையவே பாப்பே. அது நான் பண்ணினது."

தங்கைக்கு அது போதும். என் பேரைச் சொல்லி யார் வைக்கப் போகிறார்கள்.

தை 6
தலைவலி. கொட்டானை ஆத்தாளிடம் காட்டினேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அழுகை.

"சம்மந்தி ஆச்சி ஒவ்வொண்ணா எடுத்து, இது ஆரு கைவேலைன்னு கேப்பாகளே. நான் என்னத்தச் சொல்ல?"

சின்னாத்தா பக்கத்தில்தான். ஆத்தாளின் தங்கை, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள். "ஏன் அக்கா மருகுறே? தாலி இருக்கிற கட்டுக்கழுத்தி ஒருத்தி கொஞ்சம் அவுத்துட்டுத் திரும்பக் கட்டினா அது அவ கைவேலை. எங்க மாமியா வீட்டுல அப்படித்தான் செஞ்சாக. விளிம்புல மூணு வரி நான் கட்டுறேன். என் பேரைச் சொல்லு."

ஆத்தா என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

மூன்று வரி அவிழ்த்துக் கட்டினால் தோஷம் போய்விடுமாம். அப்படியானால் என்னை எங்கிருந்து அவிழ்த்துக் கட்டுவது? கேட்கவில்லை. கேட்டால் 'வாய்' என்பார்கள். போகட்டும், விளிம்புதானே. கிளி உள்ளே இருக்கிறது.

தை 9
பந்தல் போட்டாயிற்று. பால் இரண்டு படி திரிந்தது. யார் கண் பட்டதோ என்றாள் சமையலாள், என்னைப் பார்த்துக்கொண்டே. நல்லா இரு தாயே.

உமையாளுக்குக் காய்ச்சல் மாதிரி. ஒன்றுமில்லை, பயம்.

தை 11
கல்யாணம். மேளம் கேட்டது. கழுத்துருத் தாலி பூட்டும் நேரம் நான் அரிசி மூட்டை அறையில். கண்ணை மூடிக்கொண்டு அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

மத்தியானம் சாமான் பரப்பினார்கள். கதவிடுக்கில் நின்று பார்த்தேன். வெள்ளி, பித்தளை, பாய், அப்புறம் கொட்டான்கள். மாப்பிள்ளை வீட்டுச் சம்மந்தி ஆச்சி என்னுடையதைக் கையில் எடுத்தாள்.

"இது ஆரு கைவேலை?"

"நான்தான் ஆச்சி," சின்னாத்தா.

"அடேயப்பா, நல்லாப் பண்ணியிருக்கீக! கிளியெல்லாம் ஒண்ணுபோல."

ஒண்ணுபோலவா? கொட்டானை அவள் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். நானும் பார்த்தேன். எல்லாக் கிளியும் முன்னால் பார்த்தன. எல்லாமே.

சின்னாத்தா உள்ளே வந்ததும் கையைப் பிடித்தேன். "அட ஆமாடி, ஒரு கிளி கழுத்துக் கோணிப்போய்க் கெடந்துச்சு. நீ எண்ணிக்கை தப்பிட்டே போல. விளிம்பை அவுக்கிறப்பக் கண்ணுல பட்டுச்சு, சரி பண்ணிப்புட்டேன்." சிரிக்கிறாள். அவளுக்கு என் மேல் பாசம்தான், அதுதான் கொடுமை. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

உமையாளை ஒரு வார்த்தை தனியாகப் பிடிக்க முடியவில்லை. சுற்றிப் பத்துப் பெண்டுகள்.

தை 12
சாப்பிடவில்லை. ஆத்தாளிடம் சொன்னேன், உமையாளிடம் எப்படியாவது சொல்லிவிடு என்று. ஆத்தா என் வாயைப் பொத்தினாள்.

"அவளுக்கு ஓட்டை வாய். அங்கன போயி உளறிட்டான்னா? நாளைக்கு அந்த வீட்டுல ஒரு மாடு செத்தாலும் கொட்டானாலதாம்பாக. அவளை வாழ விட மாட்டாக."

வாஸ்தவம். அந்த வாஸ்தவத்தில் என்னைப் போட்டுப் புதைத்துவிட்டார்கள். செத்தால் தேவலை என்று இன்றைக்கு எழுதலாம் போலிருக்கிறது. எழுதிவிட்டேன். அடுப்படிக்குப் போகணும், பலகாரம் கட்டணும்.

தை 13
வெயில் சுள்ளென்று. காலையில் பெண் புறப்பாடு. முதலில் தேவகோட்டை, மாசியில் ரங்கூன் கப்பல்.

சொல்லிக்கொள்ள உமையாள் இரண்டாம் கட்டுக்கே வந்தாள். நல்லவள். பின்னாலேயே மாப். வீட்டு ஆச்சியும்.

"பூராச் சாமானையும் தேடினேன் ஆச்சி. உன்னோடதைக் காணோம்."

சின்னாத்தா சுவரைப் பார்த்தாள். ஆத்தா என்னைப் பார்த்தாள். மாப். வீட்டு ஆச்சியும் என்னைத்தான்.

"பண்ணலைடி. நேரம் ஒழியலை."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள், சின்ன வயதில் மிட்டாய் இல்லை என்றால் கடிப்பாளே அப்படி. "சரி ஆச்சி, உடம்பைப் பாத்துக்க" என்றாள். எனக்குக் கை நீளவில்லை.

வாசலுக்கு நான் போகக் கூடாது. மாடி ஜன்னல். சாமான் வண்டியில் கொட்டான் மேலாக, வெயிலில் மணி மின்னிக்கொண்டு. அவள் வண்டி முன்னால். கோயில் வரைக்கும் தெருவில் அத்தனை வளையல் கடை.

உமையாள் திரும்பிப் பார்க்கவில்லை.