வெற்றுச் சட்டைக்காரிகள்

எல்ம்ஃபோர்க், கான்சஸ்
1974 ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

'அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். அம்மா கோபித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

குழுவின் முடிவு வந்து சேர்ந்தது. நான் பயிற்சி தரும் பெண்கள் கூடைப்பந்து ஆடலாம். ஆனால் சட்டையில் 'எல்ம்ஃபோர்க் வெஸ்லியன்' என்று பல்கலைக்கழகத்தின் பெயர் போடக் கூடாது. முன்மொழிந்தவர் நீங்கள் என்று தெரிந்ததும் ஆடுகளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதியவர் நீங்கள். மெதடிஸ்ட் போதகர்கள் குதிரையில் வந்து சோளக்காட்டு நடுவே இதைத் தொடங்கியபோது, முதலில் சேர்ந்த மூவரில் இருவர் பெண்கள் என்று உங்கள் புத்தகத்தில்தான் படித்தேன். அவர்களுக்குக் கொடுத்த பெயர் இவர்களுக்கு ஏன் இல்லை?

வெற்றுச் சட்டையோடு ஆடுகிறோம். எண்களைக் கறுப்பு நாடாவால் ஒட்டியிருக்கிறோம். வியர்த்தால் உரிந்துவிடுகிறது.

மூட்டுவலி எப்படி இருக்கிறது?

கோரின்


ஹேடன்
ஜனவரி 17

அன்பு மகளுக்கு,

மூட்டுவலி பரவாயில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வராததில் அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை.

அந்தப் பெயருக்காக ஊர் ஊராகப் பிரசங்க மேடையில் நின்று நன்கொடை கேட்டவன் நான். கால்பந்தே பாவம் என்று தடுத்து வைத்திருந்தார்கள் நம் முன்னோர். அந்தத் தடையை நீக்க ஆண்பிள்ளைகள் எத்தனையோ வருடம் காத்திருந்தார்கள். உன் பெண்கள் ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். வெளியூரில் போய் மோசமாகத் தோற்றால் யார் பெயர் கெடும்? கொஞ்சம் பொறு.

வெண்டல் ஹாப்குட்


எல்ம்ஃபோர்க்
பிப்ரவரி 25

அப்பாவுக்கு,

மாநில இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரணி, தலைநகரத்துப் பெரிய பல்கலைக்கழகம். அவர்களுக்குத் தனிப் பேருந்து, தனி மருத்துவர். எங்களுக்கு விடுதிச் சமையற்கூடத்து வேன். உள்ளே ஏறினால் வெங்காய வாடை.

நேற்று அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில், "உங்க டீம் பேர் என்னம்மா? பலகையில எழுதணும்" என்றார்.

"விருந்தாளிங்கன்னு போடுங்க" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மாலை ஆட்டம். வரச் சொல்லி எழுதவில்லை, தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

கோரின்


ஹேடன்
மார்ச் 6

என் கோரினுக்கு,

வந்திருந்தேன். பனியில் வண்டி ஊர்ந்து நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. எதிரணி ரசிகர்கள் நடுவில்தான் இடம் கிடைத்தது.

பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "பேரே இல்லாம வந்திருக்குதுங்களே, எந்த ஊர் பொண்ணுங்க சார்? வழியில ஏத்திட்டு வந்தாங்களா?"

அப்போது உன் நெட்டைப் பெண் தடுக்கி விழுந்தாள். முழங்கையில் ரத்தம். அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து, பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள்.

"எல்ம்ஃபோர்க் வெஸ்லியன்" என்றேன்.

"என்னது? காதுல விழல."

எழுந்து நின்று கத்தினேன். எதிர்ப்பக்கம் இருந்த நம் மாணவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு கூரை அதிர அந்தப் பெயர்தான். "பயிற்சியாளர் யாரு?" என்று கடலைக்காரன் கேட்டான். "என் பொண்ணு" என்றேன். பாதிக் கடலையை என் கையில் கொட்டினான். நாம் சுளையாகப் பதினோரு புள்ளியில் ஜெயித்தோம்.

நேற்று குழு கூடியது. சட்டையில் பெயர் போட வேண்டும் என்று முன்மொழிந்தேன்.

"போன தடவ நேர்மாறா சொன்னீங்களே ஹாப்குட்?" என்றார் பொருளாளர்.

"போன தடவ நான் ஆட்டம் பாக்கல" என்றேன்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அப்பா


எல்ம்ஃபோர்க்
மார்ச் 9

அன்புள்ள அப்பா,

கத்தியது யாரென்று குரலிலேயே தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றுதான் பார்க்கவில்லை.

பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். கோப்பை வென்ற சட்டைகள் பெயரில்லாமலே கண்ணாடிப் பெட்டியில் இருக்குமாம். புதுச் சட்டைகளை அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தன்று, ஆடுகளத்தின் நடுவில் நின்று நீங்கள்தான் கொடுக்க வேண்டுமாம். "அந்தக் கத்துன பெரியவர் குடுத்தாதான் நான் போடுவேன்" என்கிறாள் நெட்டைப் பெண்.

நாளை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பெரிய பானையை எடுக்கட்டும். வேன் நிறைய வருகிறோம்.

உங்கள்
கோரின்