அப்பா கேட்காமலே கொடுத்த சம்மதம்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சத்தியம் செய். இந்தத் தாள்களை யாருக்கும் காட்டக்கூடாது. உன் அறையில் தங்கியிருக்கும் கணக்கு டீச்சருக்கும் காட்டாதே, லீவில் வீட்டுக்கு வரும்போது அப்பா அம்மாவிடம் சும்மா சிரிப்புக்காகக்கூடக் காட்டாதே. படித்தவுடன் கிழித்துப் போடு. இங்கே எல்லோரும் நலம், அதாவது அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி, அப்பாவுக்கு லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறி வலது முழங்கால் வீங்கியிருக்கிறது, எனக்கு நான்கு நாளாகத் தூக்கம் இல்லை, மற்றபடி நலம்தான். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை. உன் குரலைக் கேட்டுவிட்டேன். சளி பிடித்திருக்கிறது, வெந்நீர் குடி.

இந்த உறைக்குள் இரண்டு கடிதம் இருக்கும். மேலே இருப்பது அப்பாவுடையது. வழக்கம்போல அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதில், நீ பேசி அனுப்பியதை நானும் அம்மாவும் முழுவதும் கேட்டோம், எனக்குப் பூரண சம்மதம், நீ நினைத்தபடியே செய் என்று என் கையெழுத்தில் இருக்கும். அக்கா, அதை நம்பாதே. அப்பா ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான், அதுவும் இன்று ராத்திரிதான், அதுவும் எனக்குத் தெரியவே கூடாது என்று நீ சொன்னதைத்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ அனுப்பிய பாட்டுப் பெட்டி வந்த அன்று அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. தீப்பெட்டி அளவு இருக்கிறது, இதுக்குள்ள எண்பது பாட்டாம் என்று வீட்டுக்காரரில் தொடங்கி, மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வந்தவர்கள் வரை எல்லோருக்கும் காட்டினார். கூடவே நீ வைத்திருந்த சீட்டையும் படித்தார். கடைசியில் முக்கியமான விஷயம் ஒன்றைப் பேசிப் பதிந்திருக்கிறேன், நீங்களும் அம்மாவும் மட்டும் கேளுங்கள், சம்மதமா இல்லையா என்று எழுதுங்கள், இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டும், போனில் வேண்டாம் என்று எழுதியிருந்தாயே, அந்தச் சீட்டு. போனில் வேண்டாம் என்றது நியாயம்தான். வீட்டுக்காரர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாம் பேசும்போது அவர்கள் குடும்பமே டிவியை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டு உட்காரும். ஆனால் காகிதத்தில் எழுதியிருக்கலாமே? சீட்டு எழுதத் தெரிந்த கைக்கு இன்னும் பத்து வரி எழுதத் தெரியாதா? எழுதினால் நான் படித்துவிடுவேன் என்று பயந்து பேசி அனுப்பினாய். இப்போது என்ன ஆயிற்று பார்.

அப்பா இரண்டு பாட்டுக் கேட்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் அந்தப் பெட்டி, புதிய மென்பொருள் இருக்கிறது, புதுப்பிக்கலாமா என்று கேட்டது. அப்பாவுக்கு யார் மரியாதையாகக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் வாயில் வரும். ஆமாம் என்பதை அழுத்தினார். பாதியில் சார்ஜ் தீர்ந்தது. மறுபடி சார்ஜ் போட்டு எழுப்பினால் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, ஒரு வயரும் ஒரு கணினியும் வரைந்த படம் மட்டும். பெட்டியைக் கணினியோடு இணை என்று அர்த்தமாம். அப்பா அதைத் திருப்பினார், தட்டினார், உள்ளங்கையில் வைத்து ஊதினார். அம்மா, என்னங்க பாடலையா என்றாள். அப்பா உடனே, பாடுதே, காதுல மாட்டினாத்தானே உனக்குக் கேக்கும் என்றார். இருபத்தாறு வருஷமா லிஃப்டையே மேலயும் கீழயும் ஓட்டுறவனுக்கு இந்தத் தக்கணூண்டு அடங்காதா என்று அவரே கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காதில் வயரை மாட்டிக்கொண்டு, செத்துப்போன பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். எனக்குத் தெரியும். நேர் எதிரில்தான் உட்காருகிறேன், படம் சட்டைத் துணி வழியாகத் தெரிகிறது.

நான்காம் நாள் அம்மா, பெரியவ அப்படி என்னதான் சொல்லியிருக்கா என்று பிடித்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூடி யோசித்துவிட்டு, ஸ்கூட்டர் வாங்கப் போறாளாம் என்றார். அம்மா, ஸ்கூட்டரா, அதுக்கா இவ்வளவு ரகசியம் என்றாள். உனக்கு என்ன தெரியும், கடன்ல வாங்குறா, கூச்சப்படுறா என்றார். போன வருஷம் நீ ஸ்கூட்டர் பற்றிப் பேசியது அவருக்கு அவ்வளவு சமயத்துக்கு உதவியது. அம்மா ஒரு வாரம் ஹெல்மெட் ஹெல்மெட் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று மாலை கடிதம் சொல்ல உட்கார்ந்தார். நானும் அம்மாவும் கேட்டோம் என்று எழுதச் சொன்னபோது அம்மா சமையலறையிலிருந்து, நான் எங்க கேட்டேன் என்றாள். நான் கேட்டா நீ கேட்ட மாதிரிதான், நீ எழுதுடி என்றார். எழுதினேன். ஸ்கூட்டர் என்ற வார்த்தையை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், விஷயம்னு போடு, கடிதம் யார் கையிலாவது சிக்கினா என்றார். விஷயம் என்று போட்டேன். அந்த விஷயம் நான்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் ஏன் கை வைத்தேன் என்று கேட்பாய். பரிதாபம்தான். பாட்டு வராத பெட்டிக்குத் தலை ஆட்டுகிற மனிதரை எத்தனை நாள் பார்ப்பது? சத்தமில்லாமல் சரிசெய்து பையில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நம் முன்னறையில் இருப்பது அப்பாவின் கம்பெனி கணினி. லிஃப்ட் பழுதுப் புகார்களைப் பதிந்து வாரம் ஒருமுறை எடுத்துப் போய்க் கொடுப்பார், அவ்வளவுதான் அதற்கு வேலை. அனுமதி இல்லாமல் எதையும் நிறுவக்கூடாது என்று திரையின் மேலேயே ஒட்டியிருக்கிறது. எல்லோரும் தூங்கியதும் நிறுவினேன். நிறுவினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், அதற்கு நான்கு ராத்திரி போயிற்று.

பெட்டியோடு வந்த குறுவட்டைப் போட்டால், உங்கள் கணினி மிகப் பழையது, புதிய கணினிக்கு மாறுங்கள் என்றது. இதைச் சொல்ல ஒரு வட்டு. பள்ளியில் கணினி டீச்சரிடம் பொய் சொல்லி, ஒரு பாடத்துக்குப் படம் வேண்டும் என்று பென் டிரைவ் வாங்கி, பழைய பதிப்பைத் தேடி எடுத்து வந்தேன். அது, எனக்குத் துணையாக இன்னொரு மென்பொருள் வேண்டும் என்றது. மறுநாள் அதையும் எடுத்து வந்தேன். அது, எனக்குத் துணையாக வேறொன்று வேண்டும் என்றது. பள்ளிச் சுற்றுலாவுக்குக்கூட இத்தனை துணை கேட்கமாட்டார்கள். நான்காம் ராத்திரி எல்லாத் துணையும் சேர்ந்த பிறகு, இந்த மென்பொருளின் காலம் இன்னும் தொடங்கவில்லை என்றது. அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்துவிட்டுப் பார்த்தால், கணினியின் தேதி எட்டு வருஷம் பின்னால் இருக்கிறது. அப்பா அதைத் திருத்தவே இல்லை. கேட்டிருந்தால், மணி சரியா இருக்கில்ல, வருஷம் எதுக்கு என்றிருப்பார். தேதியை மாற்றினேன். ஏறத் தொடங்கியது. இன்னும் மூன்று நிமிடம் என்று நாற்பது நிமிடம் சொன்னது. தொண்ணூற்றொன்பதுக்கு வந்து, அங்கே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தது. நூறானதும் பெட்டியை இணைத்தேன். உங்கள் கருவியைக் கண்டேன், புதுப்பிக்க இணையத்தில் இணையுங்கள் என்றது. நம் வீட்டில் இணையத்துக்கு எங்கே போவது, போனுக்கே மாடி இறங்குகிறோம். உதவி என்ற இடத்தை அழுத்தினால், இந்தச் சிக்கல் தீர மென்பொருளைப் புதுப்பிக்கவும் என்று வருகிறது. அதைச் செய்யப் போய்த்தானே இந்தச் சிக்கல்! அந்த உதவியை எழுதியவனை அப்பாவின் லிஃப்டில் ஏற்றி இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவைக்க வேண்டும்.

கடைசியில் வழி சொன்னது எங்கேயோ இருக்கிற ஒரு ஆள். அவனும் என்னைப் போலவே வெறுத்துப்போய் இணையத்தில் எழுதி வைத்திருந்தான். மென்பொருளைத் திறக்கவே திறக்காதே, பெட்டியின் நடுப் பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி இருபது எண்ணு, பிறகு இணை, கணினி அதை வெறும் கோப்புப் பெட்டியாக நினைத்துக்கொள்ளும் என்று. பள்ளியில் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். இன்று இருபது எண்ணினேன், வரவில்லை. முப்பது எண்ணினேன். வந்தது. எண்பது பாட்டும் வரிசையாக இருந்தன, ஒன்றுகூடப் போகவில்லை. கடைசியில் உன் பதிவு. எல்லாவற்றையும் கணினிக்குள் எடுத்து வைத்துவிட்டேன். அத்தோடு மூடிவிட்டுப் படுத்திருக்க வேண்டும். சரியாகப் பாடுகிறதா என்று பார்க்கத்தான் கடைசிக் கோப்பைத் திறந்தேன். இல்லை, பொய். கேட்க ஆசையாக இருந்தது.

நீ பாடம் நடத்தும் பள்ளியில் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு என்று ஒரு இடம் காலியாம், அதில் என்னைச் சேர்க்க வேண்டுமாம். விடுதியில் உன் பக்கத்து அறையாம். சேர்ந்தால் மூன்று வருஷத்துக்கு நடுவில் திரும்ப முடியாதாம். அப்பா கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும், அதையே ஆபீசில் கொடுத்துவிடுவேன் என்கிறாய். அவகிட்ட இப்ப சொல்லாதீங்க, அழுது ஊரைக் கூட்டுவா, நான் வந்து பேசிக் கூட்டிட்டுப் போறேன் என்கிறாய். அக்கா, அழுது ஊரைக் கூட்டுவது நானா? ஊசி போட மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது யாருக்கு? அந்த வீட்ல அவ படிக்கிறதே இல்ல, அப்பாவுக்கு எழுத்துக்காரி, அம்மாவுக்குக் கடைக்குப் போறவ, ரெண்டு பேருக்கும் நடுவுல தூது, அவளுக்குன்னு என்ன இருக்கு என்று சொல்லும்போது உனக்குக் குரல் உடைகிறது. அது சளி இல்லை, தெரிகிறது. நீ சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. முதல் தடவை கேட்டபோது அந்தப் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட நினைத்தேன். இரண்டாம் தடவை, அங்கே சோதனைக்கூடத்தில் ஆளுக்கொரு நுண்ணோக்கி என்று நீ போன வருஷம் எழுதியது ஞாபகம் வந்தது. இப்போது என்னைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் என்னைக் கேள். ஸ்கூட்டருக்குக் கொடுத்த சம்மதத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போகாதே.

அப்பாவிடம் நேரே சொல்ல வேண்டியதுதானே என்பாய். எப்படிச் சொல்வது? நீங்கள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனிக் கணினியில் கை வைத்ததைச் சொல்ல வேண்டும். தேதியை மாற்றியதில் அவர் பதிந்து வைத்திருந்த புகார்கள் நாற்பத்து மூன்றும், எட்டு வருஷத் தாமதம் என்று சிவப்பாக மாறிவிட்டன. பழைய தேதிக்கே திருப்பிப் பார்த்தேன், சிவப்பு போகவில்லை. ஒரு கிழவர் வீட்டு லிஃப்டில் மணி அடிக்கவில்லை என்ற புகாருக்கு எட்டு வருஷமாக யாரும் போகவில்லை என்கிறது, அப்பா போன செவ்வாய்தான் போய்ச் சரிசெய்து வந்தார். திங்களன்று இதை எடுத்துப் போய்க் கொடுத்தால் அவர் கதி என்ன? இதற்கெல்லாம் மேலே இன்னொரு பயமும் இருக்கிறது. உண்மையாகவே கேட்டுவிட்டு, நல்லதுதானே, போகட்டும் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டால்? கேட்காமல் சொன்ன சம்மதத்தை மறுக்கலாம், கேட்டுச் சொன்னதை என்ன செய்வது?

காலையில் வேலைக்குப் போகும் வழியில் அப்பா இதைத் தபாலில் சேர்த்துவிடுவார். உறைக்குப் பசை தடவுவது எப்போதும் நான்தான், அதனால் இந்தத் தாள்களை அவர் கடிதத்துக்குள் மடித்து வைக்கப் போகிறேன். நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவர் கடிதத்தை ஆபீசில் கொடுக்காதே. இருபதாம் தேதியை எப்படியாவது பத்து நாள் தள்ளச் சொல். உடனே எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுது, காகிதத்தில், பேனாவால், புதுப்பிக்கத் தேவையில்லாத பொருளால். இனி யார் எதைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல். உன் பள்ளி ஆபீசில் இருக்கும் அந்த அம்மா நல்லவர் என்றாயே, அவரிடம் பேசினால் கேட்பாரா? கடிதம் இருபதாம் தேதிக்கு முன்னாலேயே வேண்டும் என்றாயா, அன்றைக்குள் என்றாயா, இப்போது சந்தேகமாக இருக்கிறது. காதில் மாட்டும் வயர் அப்பா தலையணைக்குக் கீழே இருக்கிறது, அதனால் ஒலிபெருக்கியின் மேல் துண்டைச் சுற்றிக் கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.

அன்றைக்குள் என்றுதான் சொல்கிறாய். சாயங்காலம் நாலு மணிக்குள் என்கிறாய். அப்படியானால் கடிதம் கையில் கிடைத்த அன்றே நீ

நான் தாழிட்ட முன்னறைக் கதவைத் தட்டுகிறார்கள். விரல் நுனியால் தட்டுகிற சத்தம். அப்பா. கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுகிறார். உள்ள பெரியவ குரல் கேக்குதே, அதானே அது, என்கிறார். நான் பதிவை நிறுத்திவிட்டேன். திறடி, திட்டமாட்டேன், அம்மா எழுந்துக்கப் போறா, மெதுவாத் திற என்கிறார். மறுபடி தட்டுகிறார். எனக்கும் முதல்ல இருந்து ஒரு தடவ போட்டுக் காட்டு என்கிறார். அக்கா, நான் திற