லாகீஸும் உன் நீலப் பையும்

இன்று பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் உன் மகள் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது உன் நீலப் பைதான். செருப்புகளுக்குப் பக்கத்தில், அதன் பழைய இடத்திலேயே, சிப் மூடி, புடைத்துக்கொண்டு நின்றது. செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். நீயே காலி செய்த பையடி அது.

அந்தப் பைக்காக உன்னோடு பிடித்த சண்டை கொஞ்சமா? வன்னியில் போருக்குள் இடம்பெயர்ந்து பழகியவள், இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த பிறகும் உடுப்பு, பெர்மெசோ என்ற வதிவிட அனுமதிப் பத்திரம், சீனி, சவர்க்காரம் எல்லாவற்றையும் கட்டியே வைத்திருந்தாய். பொங்கலுக்குப் பெரிய பானை வாங்குவோம் என்றால், "ஓடேக்கை உந்தப் பானையை ஆரக்கா தூக்கிறது?" என்பாய். "இஞ்சை ஆரடி உன்னைத் துரத்துறது?" என்று கத்துவேன். நீ சிரிப்பாய். பை அசையாது.

லிபெர்த்தாத் தெருவில் நாம் வேலை செய்த வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, ஒருநாள் பெரிய புத்தகத்தில் ஒரு கற்சிற்பத்தின் படத்தைக் காட்டினார். லாகீஸ், வேதாகமக் காலத்துக் கோட்டை நகரம் என்றார். அவர் சொன்ன கதையை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். அசீரியப் படை வெளியே கல்லைக் கொட்டி மேடு கட்டி மதிலில் ஏறியது. உள்ளே இருந்த சனமும் மண்ணைக் குவித்து மறித்துப் பார்த்தது. முடியவில்லை. படத்தில் அந்தச் சனம் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாட்டு வண்டி, மூட்டைகளின் மேல் பிள்ளைகள், தோளில் பையோடு பெண்கள்.

நீ அந்தப் பெண்களில் ஒருத்தியின் மேல் விரலை வைத்தாய்.

"அக்கா, பிறகு திரும்பி வந்தவையோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். ஊரைத் திரும்பக் கட்டினார்கள், அது திரும்பவும் எரிந்தது, அதற்குப் பிறகும் அங்கே குடியேறினார்கள் என்றார் சிஞ்ஞோரா. அதே ஆட்கள் இல்லை, பேரப்பிள்ளைகளோ, அவர்களின் பிள்ளைகளோ.

"பேரப்பிள்ளையள் எண்டாலும் காணும், அதுவே போதும்," என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையைக் கட்டிலில் கொட்டி, உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினாய். எனக்குச் சொல்லக்கூட இல்லை, கள்ளி. பிறகு அந்தப் பையில் சியாகுல்லித் தோட்டத்து மந்தரீன் தோடம்பழங்கள்தான் வந்தன. பெரிய பானையும் வாங்கினாய், நாம் இருவர் சேர்ந்தும் தூக்க முடியாத பானை. நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பானை இன்னும் உன் மகளின் குசினியில் இருக்கிறது.

"ஏன் பிள்ளை இதைக் கட்டி வைச்சிருக்கிறாய்?" என்று இன்று பையைக் காட்டி அவளிடம் கேட்டேன்.

உன் மகள் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆஸ்பத்திரிக்கு, அன்ரி. எப்ப நோ வரும் எண்டு தெரியாதெல்லே."

எனக்கு ஏனோ அது தோன்றவேயில்லை. அந்தப் பையைக் கண்டால் எனக்கு ஓட்டம்தான் நினைவுக்கு வரும். அவள் திறந்து காட்டினாள். சின்னச் சட்டைகள், சின்னக் காலுறைகள், பிள்ளையைச் சுற்ற உன் பழைய நூல்சேலையில் கிழித்த துணிகள். மந்தரீன் வாசம் லேசாக வந்தது. உன்னை நினைத்து அழுதேன், சந்தோசமாகவும் இருந்தது.

அவள் இப்போது பாரம் தூக்கக் கூடாது. படி இறங்கும்போது உன் பையை நான்தான் தூக்குவேன். திரும்பி ஏறும்போது அவள் கையில் உன் பேரப்பிள்ளை இருக்கும்.