பன்னிரண்டில் மூன்று தவறு

4 ஜூலை 1988, திங்கள்

காலையிலிருந்து சாரல். ஓசூரில் ஜூலையிலும் ஸ்வெட்டர். கம்ப்யூட்டர் அறையில் அதற்கு மேல் ஏ.சி. வேறு. விரல் விறைத்துப்போய் எழுத்து மாற்றி மாற்றி அடிக்கிறேன்.

பட்டியல் புரோகிராம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு வருடத்தில் 480 நாள் வேலை செய்த தற்காலிக ஆட்களை அது பிரித்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் நிரந்தரம் ஆவார்கள். வெள்ளிக்கிழமை நோட்டீஸ் போர்டில் பட்டியல்.

சரிபார்க்கத் தனியாக ஒரு சின்னப் புரோகிராம். வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் முனுசாமி பன்னிரண்டு பேருக்குக் கையால் நாள் எண்ணிக் கொடுத்திருக்கிறார். மெஷின் எண்ணுவதும் அவர் எண்ணியதும் ஒன்றாக இருந்தால் ‘சரி’, இல்லாவிட்டால் ‘தவறு’ என்று திரையில் வரும்.

ஒன்பது சரி. மூன்று தவறு.

மதியம் தயிர்சாதம். ஊறுகாயை ஹாஸ்டலிலேயே மறந்தாயிற்று.

5 ஜூலை, செவ்வாய்

ராத்திரி ஷிப்ட்தான் காரணம் என்று தோன்றியது. பத்து மணிக்கு வந்து மறுநாள் காலை போகிறவருக்கு இரண்டு தேதி. அதைச் சரிசெய்தேன். மூன்று தவறு, மூன்றாகவே இருந்தது.

பிப்ரவரி 29? இந்த வருடம் உண்டே! அதுவும் இல்லை.

எதையோ மாற்றப்போய் தவறு ஐந்தாகிவிட்டது. பழையபடி ஆக்குவதற்குள் கரண்ட் போனது. இரண்டு மணி நேர வேலை காலி.

பர்சனல் மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “மெஷின் தப்பே பண்ணாதுன்னு இன்டர்வியூல சொன்னீங்களே மேடம்?” சொன்னேன்தான். எவ்வளவு தைரியம் அன்றைக்கு.

பொம்மிடியிலிருந்து அம்மா கடிதம். வரன் ஒன்று. பதில் போட வேண்டும். சோப்பு, தபால் கவர் வாங்க வேண்டும்.

6 ஜூலை, புதன்

புரோகிராமைப் பதினான்கு பக்கம் அச்செடுத்து, வரி வரியாகச் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. கண் எரிச்சல்தான் மிச்சம்.

மூன்று மணிக்குக் கதவருகே ஒரு பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வராமல் நின்றார். பேக்கிங் செக்‌ஷன் நாகம்மா. நாற்பது வயது இருக்கும். பாகலூர் பக்கம் ஊர், வீட்டில் தெலுங்கு.

“மேடம், நம்ம பேரு அதுல வந்துச்சாங்களா?”

என் மூன்று தவறுகளில் ஒன்று அவர் பெயர். முனுசாமி கணக்கு 596 நாள். மெஷின் கணக்கு 171.

“எத்தனை நாள் லீவு போட்டீங்க அக்கா?”

“பொங்கலு, யுகாதி, மாமியார் செத்த நாளு. அவ்வளவுதாங்க. அதுக்கு மேல போட்டா வூட்ல அடுப்பு எரியாதுங்க.”

பார்க்கிறேன் என்றேன். பார்க்கத்தான் செய்கிறேன், மூன்று நாளாக.

7 ஜூலை, வியாழன்

காரணம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

தவறு வந்த மூன்று பேரின் வருகை அட்டைகளையும் முனுசாமியிடம் கொண்டுபோனேன். பழைய நோட்டை எடுத்தார். நாகம்மா: டோக்கன் 318, பிறகு 455, இப்போது 602. ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை பழைய டோக்கனை ரத்து செய்து, இரண்டு நாள் வீட்டில் உட்காரவைத்து, புது நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டோக்கன் என்றால் ஓர் ஆள் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அப்படியே எழுதினேன். 205, 220, 171. கூட்டினால் 596.

“இது மூணு ஆளு இல்லீங்க மேடம், ஒரே பொம்பளை,” என்றார் முனுசாமி. “எனக்கு மூஞ்சி தெரியும். உங்க மெஷினுக்கு நம்பர்தானே தெரியும்?”

மற்ற இருவருக்கும் இதே கதை. இன்னும் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் நோட்டை மூடிவிட்டார்.

மேனேஜர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து ஓடினேன். அசடு. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“புது டோக்கன்னா புது ஆளு. புரோகிராம் கரெக்டாத்தான் இருக்கு.”

“ஒரே ஆள் சார். சோதனையில தவறுன்னு வருதே?”

“முனுசாமி குடுத்த பதில்தான் தப்பு. அதை மாத்துங்க. நாளைக்குப் பன்னிரண்டும் சரின்னு வரணும். உங்களுக்கு ப்ரொபேஷன் இன்னும் எத்தனை மாசம்?”

“நாலு சார்.”

“பார்த்துக்குங்க.”

சரி சார் என்றுதான் என் வாயில் வந்தது. ஹாஸ்டலுக்கு நடந்துவரும் வழியெல்லாம் வேறு வேறு பதில்கள். ஒவ்வொன்றும் நல்ல பதில்.

8 ஜூலை, வெள்ளி

மழை இல்லை. வெயில்.

596 இருந்த இடத்தில் 171. மற்ற இரண்டும் அப்படியே. ஒரு நிமிட வேலை. பச்சை எழுத்தில் ‘சரி’ வரிசையாகப் பன்னிரண்டு. நான்கு நாளாக இதைப் பார்க்கத்தான் தவித்தேன்.

பட்டியல் அச்சானது. மேனேஜர் கையெழுத்து. நாலு மணிக்கு போர்டில் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படித்தார். ஜன்னலைச் சாத்தினேன். அப்படியும் கேட்டது.

போகும்போது முனுசாமி நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். “எழுதுனது நானு, மாத்துனது நீங்க. ரெண்டு பேரும் போயி சோறு தின்னுதானே ஆகணும்?” என்றார். திட்டியிருக்கலாம்.

சாப்பிடவில்லை. அம்மாவுக்குக் கடிதமும் எழுதவில்லை.

9 ஜூலை, சனி

அரை நாள்.

முனுசாமி நோட்டிலிருந்து நாகம்மாவின் மூன்று டோக்கன் நம்பரையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதினேன். கீழே முனுசாமியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். தாளைத் தொடவே இல்லை அவர். “எம் பேரு வேண்டாங்க மேடம். ஆவணியில பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கேன்.” நானும் போடவில்லை. இங்கேயாவது உண்மையை எழுதிவைக்கிறேன்: பேனாவைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

ஒரு மணிக்கு கேட்டருகே நாகம்மா தனியாக வந்தார். தாளைக் கொடுத்தேன்.

“நீங்க வேலை செஞ்ச நாள் மொத்தமும் இதுல இருக்கு அக்கா. பத்திரமா வெச்சுக்குங்க.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

“இதை யாருகிட்ட குடுக்கணுங்க மேடம்?”

யூனியனில் தற்காலிக ஆட்களைச் சேர்ப்பதில்லை. தொழிலாளர் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறதாம். எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று நான் விசாரிக்கவே இல்லை. நாலு நாள் மெஷினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தெரியலீங்க அக்கா,” என்றேன்.

அவர் போகவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும், யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தாளை நீட்டியபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.