வாசற்படிக்குக் கீழே ஒரு தகடு

ஜூன் 9, 2024

ஐந்தாம் மாதம். போன வருடம் கலைந்ததை எங்கள் தோப்பு வீட்டில் குடியிருக்கும் ஜெர்மன்காரி மார்த்தாவிடம் சொன்னேன். என் வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் ஊரில் தந்த்ரா வகுப்பு எடுக்கிறாளாம். அதில் என்ன சொல்லித் தருவாய் என்றேன். "அன்பு" என்றாள். இங்கே தந்திரம் மந்திரம் என்று பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்துவார்கள்.

ஜூன் 22

ஆடிக்கொண்டிருந்த வாசற்படிக் கல்லைப் பெயர்த்தார்கள். அடியில் செம்புத் தகடு. முக்கோணங்கள், நடுவில் ஏதோ எழுத்து, குங்குமம். மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செய்வினை வைக்கவும் எடுக்கவும் பொள்ளாச்சிக்காரர்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கேரளாவுக்கு, எங்கள் பக்கம்தான் வருவார்கள். அதைச் சொல்லிச் சிரித்தவள் நான். இன்று சிரிப்பு வரவில்லை. போன வருடமும் இது இங்கேதான் கிடந்ததா?

ஜூன் 23

"புள்ள இல்லாதவளுக்கு வவுறு எரியாதா கண்ணு?" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டிலிருக்கும் என் ஓரகத்தி கௌசிகாக்காவைத்தான். போன வருடம் என்னை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவள். இன்று அவள் கொடுத்தனுப்பிய ரசத்தை வாழைக்குழியில் ஊற்றினேன்.

ஜூலை 3

படி தாண்டும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன். அசைவு குறைந்த மாதிரி— இல்லை, அசைகிறது.

ஜூலை 11

வைத்தது மார்த்தா!

புதுப்படியைப் பார்த்து, "என் யந்திரம் எங்கே?" என்று அவளே கேட்டாள். போன மாதம் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் வைத்தாளாம். குழந்தை தங்க வேண்டும் என்று. "தேவி ஆசீர்வாதம், வனிதா. என் பரிசு." முகமெல்லாம் சந்தோஷம். அறையலாம் போலிருந்தது, அழுகைதான் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கட்டிக்கொண்டாள்.

இவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "வெள்ளக்காரி வெச்சா மட்டும் அது பூவா? தகடு தகடுதான்."

ஜூலை 12

அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "ரசத்த ஊத்துனதப் பாத்தனே" என்றாள். "உடு. வவுத்துப் புள்ளையோட அழுவாத."

டிசம்பர் 8

பெண் குழந்தை. நேற்று அம்மா வீட்டிலிருந்து திரும்பினோம்.

அக்கா வெள்ளி அரைஞாணோடு வந்தாள். "எந்தங்கம்" என்று குனிந்தாள். எனக்கு எல்லாம் தெரியும். யார் வைத்தது, எதற்கு வைத்தது, எல்லாம். ஆனாலும் என் கை துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிவிட்டது.

அக்கா நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள்.

"குளுருதாட்ட இருக்குது" என்றாள். "மூடியே வெய்யி."