ஓசைக்கும் விரலுக்கும் நடுவே

லைப்சிக், நவம்பர் 9, 1887

பள்ளியில் இன்று அரை நாள்தான் பாடம் நடத்தினேன். சூப்பைக் குடித்துவிட்டு நேரே பல்கலைக்கழக உளவியல் ஆய்வுக்கூடம். போக ஆரம்பித்து இன்றோடு ஒரு மாதம்.

என் முன்னால் ஒரு பலகையில் இரும்புக் குண்டு விழும். ஓசை கேட்டதும், அழுத்திப் பிடித்திருக்கும் விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும். அடுத்த அறைக் கடிகாரம் அந்த இடைவெளியை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை காட்டும். மனம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறேன்.

தங்கை ஒட்டிலியேவுக்குச் சிரிப்பு. "சத்தம் கேட்டா விரலைத் தூக்கணும், அவ்வளவுதானே? நம்ம பூனையை அனுப்பியிருக்கலாமே, அக்கா."

நவம்பர் 12

நூற்று இருபது முறை. விரல் நுனி மரத்துவிட்டது.

நவம்பர் 19

ஆய்வை நடத்தும் வீஸ்னர் ஈஸ்டருக்குள் முனைவர் பட்டக் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். "நாளுக்கு நாள் வேகமாயிட்டே வர்றீங்க, ஃப்ராய்லைன். என் பட்டமே உங்க விரல்லதான் நிக்குது." கல்யாணமாகாத இந்த ஃப்ராய்லைனுக்கு வீடு வரும்வரை பெருமையாக இருந்தது.

நவம்பர் 23

வேகத்தின் காரணம் இன்று பிடிபட்டது. நான் ஓசைக்காகக் காத்திருக்கவே இல்லை. கவனமெல்லாம் விரலில் — எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்று. ஆரம்பத்தில் அப்படியில்லை. ஓசையைக் கேட்டு, கேட்டதை உணர்ந்து, பிறகுதான் எடுத்தேன். எந்த நாளில் மாறினேன்? தெரியவில்லை. இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றென்று நம்பி அவர் அளந்திருக்கிறார்.

கடிகாரத்துக்கு இது தெரியாது. சொன்னால் அவர் உழைப்பு போச்சு. என்னையும் அனுப்பிவிடுவார்கள், ஒரு பெண்ணை அங்கே உட்காரவைக்கவே அவர் எத்தனை பேரிடம் பேச வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால்? யாருக்குத் தெரியப்போகுது? எனக்குத் தெரியுமே.

நவம்பர் 26

சொல்லிவிட்டேன்.

வீஸ்னர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த நாள்லேருந்துன்னு சொல்ல முடியுமா?"

"முடியல."

அக்டோபரிலிருந்து எழுதிய தாள்களை எடுத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டார்.

"கோபமா?" என்றேன்.

"கடிகாரம் தப்பா ஓடினா நானே கண்டுபிடிச்சிருவேன். உள்ள நடக்கிறதை நீங்க சொன்னாத்தான் உண்டு." தாள்களை அடுக்கிக்கொண்டே, "ஈஸ்டர் போச்சு. பட்டம் தள்ளிப்போச்சுன்னு எங்கம்மாவுக்கு நீங்கதான் கடிதம் எழுதணும்."

என் மனசுக்குள் நடந்ததை நான் சொன்னேன் என்பதற்காக ஒரு மனிதர் ஒன்றரை மாத வேலையை அடித்துவிட்டார். என்ன மாதிரியான படிப்பு இது.

நவம்பர் 30

ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிடவில்லை. வீட்டில் துணி தைத்தேன்.

டிசம்பர் 10

அளப்பவரும் அளக்கப்படுபவரும் இடம் மாறிக்கொள்வது இங்கே வழக்கம். என்னோடு மட்டும் யாரும் மாறியதில்லை. இன்று வீஸ்னர் விசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "எனக்கும் அப்படித்தான் ஆகுதான்னு பாக்கணும். கவனத்தை எதுல வெக்கட்டும்?"

"முதல் இருபது ஓசையில. அடுத்த இருபது விரல்ல. நடுவுல மாறினா மறைக்காம சொல்லணும்."

"சொல்றேன், ஃப்ராய்லைன்."

கடிகார அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கிருந்தே மின்கம்பி வழியாகக் குண்டை விழவிட்டேன். புதிய தாளில் அவருடைய முதல் எண்ணை என் கையெழுத்தில் எழுதினேன்.