திருவையாற்றில் விட்டு வந்த அம்மாவுக்கு

என் பேச்சுக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிற அம்மா,

பிரஜாவுரிமை ஆபீசிலிருந்து கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று அவசரப்படாதே. நீ எப்போதும் முடிவைத்தான் முதலில் கேட்பாய். இந்த முறை நான் சொல்லுகிற வரிசையில்தான் கேட்க வேண்டும். உன்னிடம்கூடச் சொல்லாமல் மறைத்த ஒன்று இதற்கு நடுவில் இருக்கிறது.

இங்கே ஒரே மழை. ஆடி மாதத்தில் வட்டகொடைப் பக்கம் வெயிலைத் தேடினால் கிடைக்குமா? தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலை இறங்குகிறவர்கள் முழங்கால் வரை சேறாகத்தான் வருகிறார்கள். நான் இப்போது மலைக்குப் போவதில்லை. பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை நீ என்னைப் படிக்க வைத்தது அதற்கு உதவியது. குழந்தைகள் தூங்குகிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். பேப்பருக்கும் அனுப்பப் போகிறேன். நம்மைப் போல விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் படிக்கட்டும்.

உன் பேத்தி செல்வி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இரண்டு வயதில் தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகிற லொறியில் நீ அவளை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டாயே, நினைவிருக்கிறதா? "ஐயாறப்பா, எம் பேத்தி பொழச்சா ஒன் காவேரியில மூணு முழுக்குப் போட்டு ஒன் வாசல்ல வந்து நிக்கிறேன்." நீ திருவையாற்றைப் பார்த்ததே கிடையாது. பிறந்தது இந்தத் தோட்டத்தில். உன் அம்மா சாமி கும்பிடும்போது சொன்ன பெயர், அவ்வளவுதான். பிள்ளை பிழைத்துவிட்டது. அந்த நாளிலிருந்து உனக்கு நிம்மதி போய்விட்டது.

நாலு வருஷம் தடுத்து வைத்தோம். உன் மருமகன் வீட்டாள்கள் பெயரையெல்லாம் சேர்த்து, இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். விசாரணை எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவுக்குப் போய் வந்தவர்களிடம் அதையே பிடித்துக்கொண்டு, உங்கள் மனசு அங்கேதானே இருக்கிறது என்று கேட்டுத் தள்ளிவிடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"கேஸு முடியட்டும் அத்தை. அப்புறம் நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று அவர் கெஞ்சினார்.

"சாமிகிட்டப் போயி கேஸு முடியட்டும்னு சொல்லச் சொல்றீங்களா தம்பி? அது அன்னைக்கு எங்ககிட்ட அப்பிடிச் சொல்லலியே" என்றாய்.

அதற்குப் பிறகு நாங்கள் தடுக்கவில்லை.  வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் லீவு கேட்டு, காகிதங்களுக்கு அலைந்து, போய்த் திரும்பி வர உனக்கும் எனக்கும் அனுமதிச் சீட்டு வாங்கினோம். நம் கணக்கில் ஆடி இருபத்தெட்டுக்குள் தலைமன்னாரில் வந்து இறங்கிவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கரையில் கால் வைக்க விடமாட்டார்கள். வரும் வழியில், கப்பல் ஏறுவதற்கு முன்னால், மண்டபம் முகாமில் நோய் நொடி இல்லை என்று பார்க்க நாலைந்து நாள் நிறுத்தி வைப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலும் பஸ்ஸுமாகத் திருவையாற்றில் இறங்கியபோது ஆடி பதினாறு. சத்திரத்தில் இடமில்லை என்றார்கள். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்ட பிறகுதான் இடமில்லாமல் போனது. படித்துறைக்குப் போகிற வழியில் இட்லிக் கடை வைத்திருந்த தனபாக்கியம் அக்காதான் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"சிலோன்காரங்களா? பேச்சக் கேட்டா நம்ம பக்கத்து ஆளுங்க மாதிரில்ல இருக்கு!"

நீ சிரித்தாய். "அங்க எங்கள இந்தியாக்காரங்கன்றாங்க. நீங்க சிலோன்காரங்கன்றீங்க" என்றாய். கடைக்குப் பின்னால் விறகு அடுக்குகிற அறையை ஒழித்து, நமக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள் அந்த அக்கா.

பதினெட்டாம் பெருக்கன்று காவேரிக்குப் போனோம். கரை தொட்டுச் செந்தண்ணீர் ஓடியது. பெண்கள் மஞ்சள் கயிறும் காதோலையும் விட்டுக்கொண்டிருந்தார்கள். படித்துறைப் படிகளில் நிற்க இடமில்லை. மேல் படியில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள் என்றேன். நீ கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாய். ஒரு முழுக்கு. இரண்டு முழுக்கு. மூன்றாவதில் நீ எழும்பவில்லை. என் கையைப் பிடித்திருந்த உன் விரல்கள் தளர்ந்தன. நான் கத்திக்கொண்டு இரண்டு கையாலும் வாரித் தூக்கினேன். மூச்சு வாங்க, கண்ணெல்லாம் சிவக்க, நீ சொன்னாய்: "கத்தாதடி. கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சு."

ஈரத்தோடு கோயிலுக்குப் போய் ஐயாறப்பர் முன்னால் நின்றாய். நீ ஒன்றுமே வேண்டவில்லை. வாய் அசையவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாய். அவ்வளவு அமைதியாக உன்னை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் நடுக்கம் வந்தது. அதற்கும் மறுநாள் காய்ச்சல் அனலாக அடித்தது. நெஞ்சில் கர்ர் என்று சத்தம். தனபாக்கியம் அக்கா கூட்டி வந்த டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "சளி நெஞ்சுல கட்டியிருக்கு. ஒரு வாரம் அசைக்கவே கூடாது. ரயில்ல ஏத்துனீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார்.

அன்று ஆடி இருபது.

நான் அடுப்படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். இருபத்திரண்டு காலையில் கிளம்பினால் முகாமில் நிற்க நாள் சரியாக இருக்கும். அதைத் தாண்டினால் இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் மண்டபத்தில் காய்ச்சலைப் பார்த்ததும் இரண்டு பேரையும் மறித்துவிடுவார்கள். நான் உன்னோடு இருந்தால், அந்தப் பக்கம் உன் மருமகனும் செல்வியும் கைப்பிள்ளையாக இருந்த அவள் தம்பி சின்னவனும். நான் போனால், இந்தப் பக்கம் நீ. உன் சீட்டும் அதே நாளில் முடிகிறது. அதற்குப் பிறகு நீ எப்படி வருவாய்? யாரைக் கேட்பது?

"நான் போகல" என்றேன் உன்னிடம்.

"போடி கிறுக்கி. நீ போகாட்டி நாலு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சுரும். ஒரு கெழவிக்காகப் புள்ளைகளத் தாயில்லாம விடுவியா?"

"ஒன்னய விட்டுட்டுப் போயி அங்க எப்பிடி இருப்பேன்?"

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். 

இருபத்திரண்டாம் தேதி காலையில் நான் கண் விழித்தபோது நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். தலை வாரிக் கொண்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாய். "தொட்டுப் பாரு, காச்ச விட்டுருச்சு" என்றாய். தொட்டேன். நெற்றி குளிர்ந்திருந்தது. இரண்டு இட்லி கேட்டு வாங்கி என் கண் முன்னால் தின்றாய். பஸ் நிற்கிற இடம் வரை நடந்தே வந்தாய். "ஒரு வாரம் கழிச்சு ஆபீசுல சொல்லி வந்துருவேன். தனபாக்கியம் பாத்துக்குவா. நீ ஏறு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாய். தஞ்சாவூர் பஸ் கிளம்பியது. நீ இருமாமல் நின்றுகொண்டிருந்தாய்.

மண்டபத்தில் ஐந்து நாள். கம்பி வேலிக்குள் ஊசிக்கும் சோதனைக்கும் வரிசை. காலையில் எழுந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, இன்று என்ன தேதி என்பதுதான். இருபத்தேழாம் நாள் தலைமன்னாரில் இறங்கினேன். காகிதத்தைப் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்தார், மறுபடி தேதியைப் பார்த்தார், முத்திரை குத்தினார். வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

தனபாக்கியம் அக்காவின் கடிதம் வந்தபோது நான் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். வரிசையில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். ஆடி இருபத்தைந்து காலையில் நீ போய்விட்டாய். அக்காவின் தம்பி கொள்ளி வைத்தாராம். சாம்பலைக் காவேரியிலேயே விட்டார்களாம். நீ இறந்ததற்குப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய சீட்டையும் உள்ளே வைத்திருந்தார்கள். கடைசியில் இப்படி எழுதியிருந்தது: "நீ கிளம்புன அன்னிக்கு அம்மா விடியங்காட்டியே என்னை எழுப்பி, துணியை நனைச்சு நெத்தியில போடச் சொன்னாங்க. மூணு தடவை மாத்திப் போட்டோம். உன் பஸ் திரும்புனதும் அங்கேயே சரிஞ்சிட்டாங்க. இதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்கு மனசு கேக்கலை தங்கச்சி."

விசாரணை போன மாசிக்கு வந்தது. நுவரெலியாவில், ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவர் சிங்களத்தில் கேட்பதை ஒருவர் தமிழில் சொன்னார். எனக்குச் சிங்களம் புரியும் என்பதால் ஒவ்வொரு கேள்வியும் இரண்டு முறை வந்து விழுந்தது.

"இரண்டு பேர் இந்தியா போனீங்க. ஒருத்தர்தான் திரும்பி வந்தீங்க. அம்மா அங்கேயே குடியேறிட்டாங்களா?"

"இல்லீங்க ஐயா. எறந்து போயிட்டாங்க." பஞ்சாயத்துச் சீட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க கிளம்பி மூணு நாளைக்கு அப்புறம் இறந்திருக்காங்க. நீங்க கிளம்பும்போது சுகமா இருந்தாங்களா?"

உன் மருமகன் என் காலை மெல்லத் தட்டினார். சுகமாக இருந்தார் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அவரிடமும்தான்; அக்காவின் கடிதத்தை அவருக்குக் காட்டவே இல்லை. அவருக்கு அதுவே உண்மை.

அம்மா, நான் மறைத்தது இதைத்தான். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் நீ என் கையைப் பிடித்தாயே, அப்போது உன் உள்ளங்கை நெருப்பாகச் சுட்டது. நெற்றியைக் குளிர வைக்கத் தெரிந்த உனக்குக் கையை மறைக்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே, "சரிம்மா, வந்துரு" என்று சொல்லிவிட்டு ஏறினேன். தனபாக்கியம் அக்காவின் கடிதம் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

"சுகமா இல்லீங்க" என்றேன். "காச்ச இருந்துச்சு. தெரிஞ்சுதான் விட்டுட்டு வந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். உன் மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"நோயாளி அம்மாவை விட்டுட்டு எதுக்கு வந்தீங்க?"

"எம் புள்ளைங்க இங்க இருக்காங்க. எனக்கு வேற ஊரு இல்லீங்க ஐயா. இருந்திருந்தா அம்மாகூடவே நின்னுருப்பேன்."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். நிறைய நேரம் எழுதினார்.  வட்டகொடையில் இறங்கி நம் லயத்து வீட்டுக்கு ஏறுகிற வழியில்தான் உன் மருமகன், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார். அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

இப்போது சேதியைக் கேள். நாலு பேரும் பதிவாகிவிட்டோம். உன் மருமகன், நான், செல்வி, சின்னவன். இனி இந்த மண்ணிலிருந்து எங்களை யாரும் போ என்று சொல்ல முடியாது. ஆனால் வாய்விட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. அடுத்த காம்பராவில் இருக்கிற மாரியாயி குடும்பத்துக்கு அதே தபாலில் இல்லை என்று வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் நாங்கள் மெதுவாகப் பேசிக்கொள்ளுகிறோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்றாவது முழுக்கில் நீ விரலைத் தளர்த்தினாயே, அது தண்ணீர் இழுத்ததா, நீயாக விட்டாயா? திரும்பி வருகிற எண்ணத்தோடுதான் இங்கிருந்து கிளம்பினாயா? என் கையைக் கடைசியாகப் பிடித்தபோது, எனக்குத் தெரியட்டும் என்றே பிடித்தாயா?

யாராவது வந்து, உங்கம்மா சாமி காலடியில போய்ச் சேந்தாங்க, கொடுத்து வச்சவங்க என்று சொன்னால் இதுவரை தலையாட்டினேன். இனி ஆட்ட மாட்டேன். செல்விக்கு விவரம் புரிகிற வயது வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே சொல்லுவேன்: உன் ஆச்சி சுகமாக இருப்பதுபோல நடித்தாள், உன் அம்மா நம்பியதுபோல நடித்தாள், நீ இந்த நாட்டுக்காரி ஆனது இப்படித்தான் என்று. அவள் என்னைக் கோபித்தாலும் சரி, ஒரு சொல் குறைக்காமல் சொல்லுவேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னை விட்டு வந்த, உன் ஒரே மகள்
மீனாட்சி
வட்டகொடை